காரம் மட்டும் மிச்சமிருந்தது

இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில், நான் என் தம்பியின் கையை முறுக்கினேன்.

விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, நாற்பத்தெட்டு வயதுத் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து... அவன் வலியில் குனிந்துவிட்டான்.

காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

தம்பியின் பெயரைச் சகாயம் என்று வைத்துக்கொள்வோம். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் மாணவர்களை நம்பி ஒரு சின்ன மெஸ் நடத்துகிறான். முன்னால் எட்டு மேசை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். ஆனால் அவன் வைக்கிற கத்திரிக்காய் கொத்சுவுக்கும் மிளகாய்ச் சட்னிக்கும் ஒரு கூட்டமே உண்டு. நான் திருப்பாப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து சிதம்பரத்தில் ஸ்கூலுக்குப் போகிறவள். வாரத்தில் மூன்று நாளாவது காலை டிபன் அவன் கடையில்தான்.

அன்றைக்கு ஹாஸ்டல் திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. நாலு நாள் பூட்டிக் கிடந்த மெஸ்ஸை மதியம் திறந்து, சகாயம் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. நான் அதிரச டப்பாவோடு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன்.

நுழைந்ததுமே கேஸ் நாற்றம். லேசாக இல்லை — மூக்கில் அறைகிற மாதிரி.

சகாயம் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் லைட்டர்.

அப்புறம் நடந்ததுதான் முதல் வரி. லைட்டர் கீழே விழுந்தது. காற்று வரட்டும் என்று அவன் ஃபேன் சுவிட்ச் பக்கம் போக, அந்தக் கையையும் தட்டிவிட்டேன். ரெகுலேட்டரை மூடினேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். அவனைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கேஸ் டியூபை எலி கடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"எவ்ளோ நேரமாடா கேஸ் தெறந்து கெடக்குது?"

"இருவது நிமிஷம் இருக்கும்க்கா. டீ போடலாம்னு தெறந்தேன். அதுக்குள்ள பாத்திரம் ஞாபகம் வந்து உக்காந்துட்டேன்."

"இருவது நிமிஷமா இந்த நாத்தத்துலயா உக்காந்திருந்த?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நாத்தம் வருதாக்கா?"

வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது அந்த நாற்றம்.

மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு துவைக்கிற கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் சொன்னான். தீபாவளி சமயத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கொத்தமல்லி இல்லை, காபி இல்லை, நெய் இல்லை, பூசையில் போடுகிற சாம்பிராணி இல்லை. கிட்டத்தட்ட மூணு மாசம். யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"சமையக்காரனுக்கு வாசனை தெரியலன்னு வெளிய சொல்லிட்டு, எப்படிக்கா கடை தெறக்கறது?"

"லூர்துகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவகிட்ட சொன்னா அழுவா."

லூர்து அவன் மனைவி. மெஸ் பக்கமே வராதவள். வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். மெஸ்ஸுக்கு வராததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு — அவளுக்குக் காரம் ஆகாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே எங்கள் ரசத்தைக் குடித்துவிட்டு விக்கல் எடுத்து, அரை மணி நேரம் தண்ணீர் குடித்தவள். அன்றிலிருந்து தனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் குழம்பு வைத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு குழம்பு.

அவனிடம் கேட்டேன். "அப்போ இந்த மூணு மாசமும் எப்படிடா சமைச்ச?"

"உப்பு தெரியுது. புளி தெரியுது. அப்புறம்..." மூன்றாவது விரலை மடக்கினான். "காரம் தெரியுது."

அப்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் விளங்கின. டிசம்பரில் ஒரு நாள் அவன் கொத்சுவைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் பீரியட் முழுக்க நாக்கை வெளியே நீட்டாத குறையாகப் பாடம் எடுத்தேன். எனக்கு வயசாகிவிட்டது, அல்சர் என்று நினைத்தேன். ஒரு மாணவன் அவனிடம், "அண்ணே, சாம்பார்ல பெட்ரோலா ஊத்துறீங்க?" என்று கேட்டதை ஜோக் என்று நினைத்தேன். எட்டு மேசையில் நாலு காலியாகக் கிடந்ததை செமஸ்டர் லீவு என்று நினைத்தேன்.

மற்ற எல்லாம் செத்துப் போன வாயில் காரம் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. அதனால் அவன் அதையே கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறான். வெறும் இருட்டில் ஒரே ஒரு லைட் எரிந்தால், அந்தப் பக்கம்தானே நடப்போம்?

கடலூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இளம் பெண். பொறுமையாகச் சொன்னார். நாக்கு சொல்வது கொஞ்சம்தானாம் — உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு. நாம் ருசி என்று சொல்கிற மற்றதெல்லாம் மூக்கின் வேலை. காரம் மட்டும் இந்த இரண்டிலும் சேராது.

"அது ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. அது ஒரு வகையான எரிச்சல். சூடு படறது மாதிரி. அதுக்குத் தனி நரம்பு. அது உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார்.

"வாசனை திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம். பல பேருக்கு வந்திருக்கு. எப்போன்னு நான் சொல்ல முடியாது."

கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித் தூள், ரோஜா — இந்த நாலையும் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஒன்றும் தெரியாவிட்டாலும் முகர வேண்டும். அது என்ன வாசனை என்று மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மூக்குக்கு ட்யூஷன் மாதிரி.

லூர்து அழவில்லை. அதுதான் ஆச்சரியம். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, அதை மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணி, ரெண்டு மாசமா மோர் சாதத்துக்குக்கூட ஊசி மெளகாய வச்சிக் கடிக்கிறாரு. கண்ணு செவந்து போவுது. கேட்டா பேச மாட்றாரு. நான் என்னா நெனச்சேன் தெரியுமா? குடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு நெனச்சிட்டேன். மாதா கோயில்ல போயி மெழுகுவத்திகூட ஏத்திட்டு வந்தேன்."

அன்று மாலையே கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை வாங்கி மெஸ் சமையல்கட்டில் மாட்டினோம். மறுநாள் விடிகிற நேரத்துக்கு லூர்து ஒரு ஸ்டூலையும் ஒரு சொம்புப் பாலையும் எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"நான் மோந்து பாத்து சொல்றேன். நீங்க கிண்டுங்க" என்றாளாம்.

யோசித்துப் பாருங்கள். காரம் ஆகாத ஒருத்தி, மிளகாய்ச் சட்னிக்குப் பேர் போன மெஸ்ஸில் ருசி பார்க்கிறாள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவாள். உடனே ஒரு மடக்குப் பால். கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள்.

"ஜாஸ்தி."

"இதுவா ஜாஸ்தி? எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

"உங்களுக்குத் தெரியாது. ஜாஸ்தி."

முதல் இரண்டு வாரம் அவனுக்கு அது நரகம். அவள் காரத்தைக் குறைக்கக் குறைக்க, மேசைகள் மெதுவாக நிரம்பின. ஆனால் அவன் சமைத்தது அவனுக்கே வெறும் ஈரமான மாவாக இருந்தது. பசங்கள் விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவதை சமையல்கட்டு வாசலில் நின்று பார்ப்பான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் மாதிரி இருக்கும் அந்த முகம்.

"என் கடைக்கு நானே வெளியாளு ஆயிட்டேன்க்கா" என்றான் ஒரு நாள்.

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், நண்டு வாங்கலாம் என்று மூவரும் கடலோரமாக இருக்கிற கிள்ளைக்குப் போனோம். நண்டு வாங்கியாகிவிட்டது. உடனே திரும்ப யாருக்கும் மனசில்லை. உப்பங்கழி ஓரமாக, ஒரு பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்தோம்.

அந்த மதியம் எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத ஒரு நிலை. தூரத்தில் சுரபுன்னைக் காடு வெயிலில் கரைந்து, பச்சையா நீலமா என்று புரியாமல் கிடந்தது. ஒரு படகு வந்தது. அதில் இருந்தவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். படகு அதுபாட்டுக்கு எங்களைக் கடந்து போனது.

சகாயம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே மிளகாய். நாலு வகை.

"இதை எப்பவும் பையிலயே வச்சிருக்கியா?"

"ஆமாக்கா."

லூர்து எட்டிப் பார்த்தாள். அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தினான்.

"எல்லாமே காரம்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிட்டிருந்தேன். வாசனை போனப்புறம்தான் தெரிஞ்சிது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துக்குப் போவுது. இந்த நீட்டு மெளகா நாக்கு நுனியில சுருக்குனு வரும். வந்த வேகத்துல போயிடும். குண்டு மெளகா அப்படி இல்ல. கடிச்சா ஒண்ணுமே இருக்காது. நீ ஏமாந்துடுவ. அப்புறம் பின்னால தொண்டையில வந்து மெதுவா உக்காரும். ரொம்ப நேரம் எழுந்திரிக்காது. மோர் மெளகா ஒதட்டுலயே நிக்கும். இந்த ஊசி மெளகா இருக்குதே... இது காதுக்குப் போயிடும். காதுக்குள்ள ஒரு மணி அடிக்கும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்புறம் ஒரு நேரம் வரும்க்கா. எரியறதெல்லாம் அடங்கி... கண்ணுல தண்ணி நின்னு... எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருக்கும். ஒடம்பு லேசாயிடும். அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். சாப்பிட்டேன்னு ஒரு நெனப்பு வரும்."



லூர்து கையை நீட்டினாள். நான் தடுப்பதற்குள் ஒரு குண்டு மிளகாயை எடுத்துப் பாதி கடித்துவிட்டாள்.

"ஏய், துப்பு" என்றான் சகாயம்.

அவள் தலையை ஆட்டினாள். மென்றாள். ஒன்றும் இல்லையே என்பது போல எங்களைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கழித்து அது வந்தது. முகம் சிவந்தது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஒரு கையால் மண்ணைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் அவன் சட்டையை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கவில்லை.

"இதத்தான் தெனமும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ம்."

"தனியாவா?"

அவன் அவளுடைய கையைச் சட்டையிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தான்.

நான் மட்டும் சும்மா இருப்பானேன்? ஒரு ஊசி மிளகாயை எடுத்துக் கடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காதில் மணி அடித்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று தெரியாது. மூன்று பேரும் அழுத முகத்தோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்ன மாதிரியே எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனது. வெயில் மெத்தென்று ஆனது. ஒரு கொக்கு தண்ணீரில் நின்றது — அதன் கால் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு விடை வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கணக்கு டீச்சருக்கு அது பெரிய விஷயம்.

"முடிஞ்சப்புறம் நல்லாதான் இருக்குது" என்றாள் லூர்து, ரொம்ப நேரம் கழித்து, பாதித் தூக்கத்தில் பேசுகிற குரலில்.

நண்டு பையிலிருந்து தப்பித்து மண்ணில் நடந்து போய்க்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். ஒன்றை மீட்டோம். இரண்டு போய்விட்டன.

அடுத்த வாரத்திலிருந்து மெஸ்ஸில் சமையலே வேறு விதமாக நடந்தது. முன்னால் அவள் "ஜாஸ்தி" என்பாள், இவன் முறைத்துக்கொண்டு குறைப்பான். இப்போது இரண்டு பேரும் பேசினார்கள்.

"கொத்சுப் பொடிக்கு மல்லி வறுபட்டுடுச்சி. எறக்குங்க. இன்னும் கொஞ்சம் விட்டா கசந்துடும்."

"மெளகா?"

"இப்பத்தான் லேசா வாசனை வருது. இருங்க... இருங்க... போதும்."

மிளகாய் வறுக்கும்போது கிளம்புகிற நெடி அவனுக்கு இருமலாக மட்டும் வரும். வாசனையே இல்லாத இருமல். அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நடுநடுவே திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்வாள். வாசனை முழுக்க அவள் பொறுப்பு. எந்த மிளகாய், எத்தனை, எப்போது எரிய வேண்டும் என்பது அவன் பொறுப்பு.

கொத்சுவில் நீட்டு மிளகாயை நிறுத்திவிட்டுக் குண்டு மிளகாய்க்கு மாறினான். "மொதல்ல அவங்களுக்கு லூர்து சொல்ற வாசனையெல்லாம் தெரியட்டும். கத்திரிக்கா தெரியட்டும். காரம் கடைசியா வந்து உக்காந்தா போதும்" என்றான்.

நான் சாப்பிட்டேன். சுட்ட கத்திரிக்காய், புளி, மல்லி... எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. இட்லியை முடித்துக் கை கழுவி, ஸ்கூலுக்குப் பாதி தூரம் நடந்த பிறகு தொண்டையில் ஒரு சின்னக் கதகதப்பு. கூடவே நடந்து வந்தது. முதல் பீரியட் வரைக்கும் இருந்தது. அன்றைக்கு வகுப்பில் நான் யாரையும் திட்டவில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம்.

எட்டு மேசையும் நிரம்பின. பெட்ரோல் கேட்ட பையன் இரண்டாவது தடவை கொத்சு கேட்டான்.

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த வாரம் அது. டிபன் முடித்து எழுந்தபோது சகாயம் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டான். லூர்து உள்ளே சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, முந்தாநாளு மெளகா வறுத்துகிட்டிருந்தேன். இருமல் வர்றதுக்கு முன்னாடி... ஏதோ வந்துச்சி."

"என்னாடா வந்துச்சி?"

"தெரியல. இனிப்பா இருந்துச்சி. பொகையா இருந்துச்சி. அப்படியே போயிடுச்சி. நேத்து மறுபடியும். இன்னிக்கிக் காலையில காபியும் கொஞ்சம். காபி மட்டும் ரப்பர் எரியற மாதிரி இருக்குது... ஆனா வருதுக்கா. வருது."

அவன் கண் கலங்கியிருந்தது. மிளகாய் எதுவும் கையில் இல்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"லூர்துகிட்ட சொன்னியா?"

"இல்ல. நீயும் சொல்லாத."

"ஏன்டா, மறுபடியும் மறைக்கிறியா? ஒரு தடவை மறைச்சிப் பட்டது போதாதா?"

அவன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா அவ வீட்டுக்குப் போயிடுவாக்கா."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. அவளிடம் மறைத்தாலும் டாக்டரிடம் மறைக்காதே என்று மட்டும் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியாகும், காபி ரப்பராக வருவதுகூட நல்ல அறிகுறிதான் என்றாராம்.

போன வியாழக்கிழமை காலை. மெஸ்ஸில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். லூர்து குழாயடிக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, அவருக்கு வாசனை வந்துடுச்சி. உங்களுக்குத் தெரியுமா?"

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"எப்படிச் சொல்ற?"

"ஒரு வாரமா நான் 'போதும்'னு சொல்றதுக்கு முன்னாடியே அடுப்ப அணைச்சிட்றாரு. அப்புறம் நான் சொன்னவொடனே, 'ஓ, ஆயிடுச்சா'ன்னு கேக்கறாரு."

"அப்போ நீ கேக்க வேண்டியதுதானே?"

லூர்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டா ஆமான்னுடுவாரு. நீ போயி ரெஸ்ட் எடுன்னுடுவாரு. இருவத்திரெண்டு வருஷமா அவரு இங்க, நான் அங்க. இப்பத்தான் அண்ணி ரெண்டு பேரும் பேசிகிட்டே இருக்கறோம்... நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் செய்திருக்கிறேன். அப்புறம் எப்படி இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன் என்று கேட்கிறீர்களா?

இத்தனை வருஷத்தில் என் வீட்டார் ஒருத்தர்கூட நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பத்தியைப் படித்ததில்லை — அந்தத் தைரியம்தான்.